சோற்றுக்கை

பக்கவாதம் வந்து நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியபோது, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பந்து கொண்டு வந்தார்கள். நோயாளியைப் பார்க்கப் போனால் ஆப்பிள், சாத்துக்குடி, பிரெட் பாக்கெட் என்றுதான் நாங்கள் போவோம். என் விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் யார் சொல்லி வைத்தார்களோ, பந்து. மஞ்சள் நிறத்தில் சிரித்த முகம் போட்ட பஞ்சுப் பந்து, முள்முள்ளாக இருக்கும் ரப்பர் பந்து, நாய்க்குட்டிக்கு வாங்கியதை எனக்குத் திருப்பிவிட்டார்களோ என்று சந்தேகப்பட வைத்த ஒரு சிவப்புப் பந்து. என் கணவர் எல்லாவற்றையும் ஹால் ஷோகேஸில், மகன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். அந்த வரிசையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

எனக்கு அது வந்தது ஒரு சாதாரணக் காலை வேளையில். தோசைத் திருப்பி கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கலாமென்று பார்த்தால், எடுக்க வேண்டிய கை பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கணவரைக் கூப்பிட்டேன். வாயிலிருந்து கொழகொழவென்று ஏதோ சத்தம்தான் வந்தது. நல்லவேளையாக அவர் பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பேச்சு திரும்பிவிட்டது. அதில் அவருக்கு முழுச் சந்தோஷமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கால் மெதுவாக வந்தது. கோல் ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். வலது கை மட்டும் வரவில்லை.

நான் பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு மருந்து கம்பெனியின் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கண்ணாடிக் குழாயிலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, கீழே இருப்பது நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும். அடுத்த சொட்டு விழுந்தால் முதலிலிருந்து செய்ய வேண்டும். அப்படி நிறுத்தத் தெரிந்த கை, நனைந்த துண்டு மாதிரி மடியில் கிடந்தது. எழுந்து நடக்கும்போது அதை எடுத்துக்கொள்ள மறந்துவிடுவேன். நாற்காலியில் மாட்டிக்கொண்டு பின்னால் இழுக்கும்.

தலை வார முடியவில்லை, கையெழுத்துப் போட முடியவில்லை, புடவை கட்ட முடியவில்லை. இதையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொண்டேன். சோற்றைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் சின்ன வயதில் வலது, இடது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சோற்றுக்கை, பீச்சாங்கை, அவ்வளவுதான். எந்தக் கை எதற்கு என்று அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது. இப்போது இரண்டு வேலையையும் ஒரே கை செய்ய வேண்டும். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்தக் கையைத் தட்டில் வைக்க எனக்கு வரவில்லை. மருந்து கம்பெனியில் இருந்தவளுக்குச் சோப்பு என்ன செய்யும் என்று தெரியாதா? தெரியும். தெரிந்து என்ன செய்வது, தொண்டைக்குள் இறங்கவில்லையே. அதனால் ஸ்பூன். இடது கையில் ஸ்பூனைப் பிடித்து ரசம் சாதத்தை அள்ளினால், பாதி வாய்க்குப் போகும், பாதி மார்பில் கொட்டும். ருசியென்று ஒன்று தெரியாது. விரல் தொடாத சோறு எனக்கு ஆஸ்பத்திரிச் சோறுதான்.

ஒருநாள் அப்படிக் கொட்டியதைக் கணவர் துண்டால் துடைக்க வந்தார். மறுநாளிலிருந்து நான் சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிட ஆரம்பித்தேன். கல்யாணமானதிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். அவர் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்த பிறகு நான் உள்ளே போவேன். இந்தக் கையால் சோறு பிசைந்து சாப்பிடுகிற அன்றைக்குத்தான் யார் முன்னாலும் உட்காருவேன், அதுவரைக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் தன் பங்குக்கு எங்கள் தெரு மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். கைக்குப் பலம் வந்தால் வெள்ளியில் கை செய்து சாத்துவதாக வேண்டுதல். தினமும் காலையிலும் மாலையிலும் ஷோகேஸிலிருந்து ஒரு பந்தை எடுத்து வந்து, என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கி, தன் கையால் பொத்தி அமுக்குவார். "அமுக்கு, அமுக்கு" என்று எனக்கும் சேர்த்து அவர் பல்லைக் கடிப்பார். பந்துக்கு ஒன்றும் ஆகாது. அதன் சிரித்த முகம் அப்படியே சிரித்துக்கொண்டிருக்கும்.

சில வாரங்கள் கழித்து ஒருநாள் அவர் பந்தை வைத்துவிட்டுத் தன் கையை எடுத்தார். பந்து விழவில்லை. என் விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் இழுத்துப் பார்த்தார், கை விடவில்லை. மனிதர் அழுதுவிட்டார். நானும் அழுதேன். உடனே மகனுக்கு வீடியோ கால். வெளிநாட்டில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து உட்கார்ந்த அவனும் கைதட்டினான்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். மாடி வீட்டுக் கன்னடக்கார அம்மா தன் இரண்டு விரலை என் கைக்குள் விட்டுவிட்டு எடுக்க முடியாமல் சிரித்தார். "ஸ்ட்ராங் ஆகிதே, ஸ்ட்ராங் ஆகிதே" என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். என் கையோடு பலப்பரீட்சை செய்து தோற்றுப் போவது அந்த மாதத்தில் எங்கள் தெருவில் ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. நானும் பெருமையாகக் கையை நீட்டினேன். பிடித்ததை ஏன் விட முடியவில்லை என்று யாரும் கேட்கவில்லை. லேபில் ஒரு சொட்டைக்கூடச் சந்தேகப்பட்ட நானும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வெள்ளிக் கையைச் சாத்தினோம். மெல்லிய தகட்டில் அச்சுக் குத்திய கை. மணிக்கட்டில் வளையல்கூட வரைந்திருந்தது. ஐந்து விரலும் நேராக, விரிந்து, யாரையோ நில் என்று சொல்வது போல இருந்தது. பூசாரி அதை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். கணவர் எல்லோருக்கும் பொங்கல் கொடுத்தார். என் கை இடுப்போரமாக இறுக மூடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அது மூடிக்கொண்டே போனது. முதலில் பந்தை எடுக்க முடியாமல் போனது, பிறகு வைக்க முடியாமல் போனது. கட்டைவிரல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது, மற்ற நான்கும் அதன்மேல் கதவு சாத்தின மாதிரி மூடிக்கொண்டன. முழங்கை மடங்கி, கை நெஞ்சோடு ஏறி நின்றது. நகங்கள் உள்ளங்கையில் பதிந்தன. கையிலிருந்து ஈரத் துணியைச் சுருட்டி வைத்த வாடை வர ஆரம்பித்தபோது, எனக்கே என் பக்கத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, வீட்டுக்கே வந்து கைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு தெரபிஸ்ட்டை அனுப்பினார்.

வந்தவள் ஓசூர்ப் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி ஷோகேஸ் மேல் வைக்கப் போனவள், பந்து வரிசையைப் பார்த்தாள். அவள் முதலில் என் கையைப் பார்க்கவில்லை.

"ஆன்ட்டி, இதையெல்லாம் எடுத்து உள்ள வச்சிடுங்க" என்றாள். "உங்க கைக்கு மூடத் தெரியும். அது ஒண்ணுதான் இப்போ தெரியும். தெரிஞ்சதையே தினமும் சொல்லிக் குடுத்தா எப்படி?"

கணவர், பலம் வந்திருக்கிறதே என்று இழுத்தார். அது பலம் இல்லை, இறுக்கம் என்றாள். மூளையில் அடிபட்ட இடத்திலிருந்து 'போதும், விடு' என்று கைக்குச் சொல்ல ஆளில்லை, அதனால் அது பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று சொன்னாள். பந்தால்தான் இப்படி ஆனது என்று சொல்ல முடியாது, எப்படியும் வந்திருக்கலாம், ஆனால் பந்து நல்லது செய்யவில்லை. இதையெல்லாம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். விரல்களை இழுக்கவில்லை. மணிக்கட்டைக் கீழே மடக்கி, கட்டைவிரலை அதன் அடிச் சதையோடு பிடித்து வெளியே நகர்த்தினாள். மற்ற விரல்கள் தாமாகக் கொஞ்சம் தளர்ந்தன. பல வாரங்களாக வெளிச்சம் படாத உள்ளங்கை, வெளுத்து ஊறிப்போய், நான்கு நகத் தடங்களோடு தெரிந்தது. கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்தக் கையால் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவள் கேட்டாள். எல்லோரிடமும் முதலில் அதைத்தான் கேட்பாளாம். சோறு பிசைந்து சாப்பிட வேண்டும் என்றேன். வேறே? வேறே ஒன்றும் வேண்டாம். அவள் உடனே சரியென்று சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், பிறகு "பாக்கலாம் ஆன்ட்டி" என்றாள். அந்த ஒரு வார்த்தையை நான் ஒன்றரை வருடம் முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன்.

அவள் போன பிறகு கணவர் பந்துகளை ஒரு பையில் போட்டுப் பரணில் வைத்துவிட்டு வந்து, பொய் சொன்ன மாதிரி ஆகிவிட்டதே என்றார். யாரிடம் என்றேன். அம்மனிடம் என்றார். வராததை வந்துவிட்டதென்று சொல்லிப் பொங்கல் வைத்துவிட்டோமே என்று அவருக்கு வருத்தம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் முடியாது, இனி இன்னொன்று வேண்டிக்கொள்ள முகமும் இல்லை. அவரைப் பார்க்கச் சகிக்காமல், "அட்வான்ஸா வச்சுக்கச் சொல்லுங்க" என்றேன். பெங்களூரில் எந்த வீட்டுக்குத்தான் அட்வான்ஸ் கொடுக்காமல் குடி போக முடிகிறது?

பயிற்சி தொடங்கியது. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊற வைப்பது, கட்டைவிரலிலிருந்து திறப்பது, உள்ளங்கையை மேஜைமேல் விரித்து வைத்து என் உடம்பு எடையை அதன்மேல் சாய்ப்பது. சூடான கேழ்வரகுக் களியை ஆற வைத்து அதில் விரல்களைப் பதிக்கச் சொன்னாள். பிடித்த டம்ளரை விடப் பழகச் சொன்னாள். லோகத்தில் எல்லோரும் பிடிக்கப் பழகுவார்கள், நான் விடப் பழகினேன். ஒரு எவர்சில்வர் டம்ளரை மேஜைமேல் விட்டுவிட்டுக் கையை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். விடு, விடு என்று மனதுக்குள் கத்துவேன். கத்தக் கத்தக் கை இறுகும். படுக்கப் போகும்போது பிளாஸ்டிக்கில் வார்த்த ஒரு பட்டையில் கையை வைத்துக் கட்டிவிடுவார் கணவர். வார்க்கும்போது வெந்நீரில் முக்கி என் கைமேலேயே அமுக்கி வளைத்தாள் அந்தப் பெண். அந்தப் பட்டையில் கட்டிய கை கொஞ்சம் அம்மனுக்குச் சாத்திய கை மாதிரி இருக்கும். காலையில் அவிழ்த்தால், டீ ஆறுவதற்குள் மூடிவிடும்.

கோபம் வந்தாலும் இறுகும் என்பது சீக்கிரம் தெரிந்துவிட்டது. எனக்குக் கோபம் புதிதல்ல. ஆனால் முன்பு அதை எப்போது வெளியே காட்டுவது என்பது என் இஷ்டம். இப்போது நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கை நெஞ்சுக்கு ஏறிவிடும். கணவர் ஏதாவது சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார். அது ஏற ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவார். மகனும் வீடியோவில், கையைக் காட்டும்மா என்பான். எத்தனை வருடம் ஒன்றாக இருந்தும் என்னைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, என் கை போர்டு எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. தனியாக வைத்துக்கொள்ள ஒரு கோபம்கூட மிஞ்சவில்லை.

கொட்டாவியைக் கண்டுபிடித்தது கணவர்தான். சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பெரிதாக ஒரு கொட்டாவி வந்தது. வலது கை மடியிலிருந்து தானாக எழும்பி, விரல்கள் ஐந்தும் மெதுவாக விரிந்து, கொட்டாவி முடிந்ததும் மடங்கிக் கீழே இறங்கியது. அவர் நாற்காலியிலிருந்து குதித்தார். தொறந்துச்சு, தொறந்துச்சு என்றார். நான் வேண்டுமென்றே வாயைப் பிளந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பொய்க் கொட்டாவிக்குக் கை ஏமாறவில்லை.

தெரபிஸ்ட் வந்தபோது கேட்டோம். அப்படி நடக்கும், அது தானாக நடப்பது, உங்கள் கட்டுப்பாட்டில் வராது என்று சொல்லிவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து கணவருக்கு ஒரு வேலை கிடைத்தது. சாயங்காலமானால் என் எதிரே உட்கார்ந்து கொட்டாவி விடுவார். ஒருவர் விட்டால் பார்க்கிறவர்களுக்கும் வரும் அல்லவா, அதற்கு. சத்தமாக, நீளமாக, கண்ணில் தண்ணீர் வர, தாடை வலிக்க. சில சமயம் எனக்குத் தொற்றிக்கொள்ளும். கை எழும்பி விரியும். அதைப் பார்த்து அவர் முகம் விரியும். பெரும்பாலும் எனக்கு வராது, அவருக்குத் தூக்கம் வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு எங்கள் வீடு பைத்தியக்கார ஆஸ்பத்திரி மாதிரி இருந்திருக்கும்.

பிறகு டாக்டர் கையில் ஊசி போட்டார். இறுகிய தசைகளைத் தளர்த்துகிற ஊசி. இரண்டு வாரத்தில் நிஜமாகவே தளர்ந்தது. கட்டைவிரல் வெளியே வந்தது. கணவர் என் விரலிடுக்கெல்லாம் துடைத்துப் பவுடர் போட்டார். உள்ளங்கை மேஜைமேல் தட்டையாக, எதிர்ப்பில்லாமல் படுத்தது. அந்த நாட்களில் எனக்கு நம்பிக்கை வந்தது என்று சொல்லத்தான் வேண்டும். அதிகமாகவே வந்தது. கணவரின் தங்கை மகள் கல்யாணம் ஓசூர் ரோட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வருகிறேன் என்றேன். பட்டுப் புடவை கட்டிவிடச் சொன்னேன். பந்தியில் உட்கார்ந்தேன்.

இலை போட்டார்கள். சாதமும் பருப்பும் நெய்யும் விழுந்தன. இடது கையால் வலது கையைத் தூக்கி இலைமேல் வைத்தேன். விரல்கள் விரிந்துதான் இருந்தன, சோற்றைத் தொட்டன, சூடுகூட உறைத்தது. ஆனால் குவியவில்லை. முன்பு மூடிய கை திறக்காது. இப்போது திறந்த கை மூடாது. சோற்றின்மேல் அது செத்த மீன் மாதிரி கிடந்தது. ஊசி இறுக்கத்தை எடுத்ததே தவிர, என் சொல்லைக் கேட்க வைக்கவில்லை. எதிர் வரிசையில் ஒரு அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நாத்தனார் ஓடி வந்து, நான் ஊட்டிவிடறேன் அண்ணி என்று என் இலையில் கை வைத்தார். வேண்டாம் என்றேன். பரிமாறுகிற ஆள் பந்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, "இங்க ஒரு ஸ்பூனு" என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலுக்கு மண்டபமே திரும்பிப் பார்த்தது போல இருந்தது. ஸ்பூன் வருவதற்குள் எழுந்துவிட்டேன். கணவரும் பாதி இலையில் எழுந்து என் பின்னால் வந்தார்.

மூன்று மாதத்தில் ஊசியின் வேலை முடிந்து கை பழையபடி மூடிக்கொண்டது. இன்னொரு ஊசி போட்டார்கள். அதுவும் தளர்த்தியது, அதுவும் தீர்ந்தது. தெரபிஸ்ட் வந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் களி வைப்பது நின்றுபோனது. டம்ளர் நின்றுபோனது. அவள் விரல்களைத் திறக்கும்போது என் கண்ணைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். நான் முட்டாள் இல்லை. ஆனால் நானாகக் கேட்கவும் இல்லை.

டிசம்பர் குளிரில், கை மிகவும் இறுகியிருந்த ஒரு காலையில், அவள் துண்டால் என் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே, ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படக் கூடாது என்றாள். அவள் பிடியிலிருந்த கை அப்போதே ஏற ஆரம்பித்தது.

"இனிமே சாப்பிடறதுக்காக இந்தக் கையோட போராட வேணாம் ஆன்ட்டி. கை சுத்தமா இருக்கணும், வலிக்கக் கூடாது, நகம் வெட்ட வரணும். அதுக்கு மட்டும் செய்யலாம். சாப்பாட்டுக்கு எடது கையப் பழக்கலாம்."

"பாக்கலாம்னு சொன்னியேம்மா" என்றேன்.

அவள் துண்டை மடித்துப் பக்கத்தில் வைத்தாள். "பாத்துட்டோம் ஆன்ட்டி."

எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அறைவதற்குக்கூட இடது கைதான் இருந்தது. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். கூடத்தில் அவளும் கணவரும் மெதுவாகப் பேசுவது கேட்டது. அவள் அழுத மாதிரியும் இருந்தது, ஜலதோஷமாகவும் இருக்கலாம். அடுத்த வாரம் அவளே வந்தாள், நானும் கையை நீட்டினேன். எங்களுக்குள் சண்டை இல்லை. செய்ய ஒன்றும் மிச்சமில்லாத இடத்தில் யாரோடு சண்டை போடுவது?

இப்போது என் கை, கழுவித் துடைத்து நகம் வெட்டிக் காய வைக்க வேண்டிய ஒரு சாமான். கணவர் அதை அவள் சொல்லிக் கொடுத்த மாதிரியே செய்கிறார். முதலில் மணிக்கட்டு, பிறகு கட்டைவிரல், பிறகு மற்றவை. இதற்குமேல் ஒன்றும் வராது என்று அவருக்கும் தெரியும். அவள் அதைச் சொன்ன அன்று அவர்தான் அவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, ஸ்கூட்டர் போன பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனாலும் சாயங்காலமானால் எதிரே உட்கார்ந்து கொட்டாவி விடுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. போதும் விடுங்க என்று ஒருநாள் சொன்னேன். நெஜமாவே வருதும்மா என்றார்.

சென்ற வாரம் ஒரு சாயங்காலம். சீக்கிரமே பசிக்கிறதென்று அவர் ரசம் சாதத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு ஹாலில் வந்து உட்கார்ந்தார். என் முறை வரும்வரை நான் பக்கத்து நாற்காலியில் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை, நான் நினைக்கவும் இல்லை, அடிவயிற்றிலிருந்து ஒரு கொட்டாவி வந்தது. கை எழும்பியது. விரல்கள் விரிந்தன. அவர் தட்டிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. பஸ் கிளம்புவதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவது போல, சட்டென்று.

சோறு வெதுவெதுப்பாக இருந்தது. புளியும் மிளகும் மணத்தன. கொட்டாவி முடிந்தது, கை மூடியது. விரலிடுக்குகளில் பருக்கைகள் பிதுங்கி வந்தன. ரசம் மணிக்கட்டில் ஓடி முழங்கைக்குப் போனது. வாய்க்குக் கொண்டு போகப் பார்த்தேன். கை நெஞ்சு வரைக்கும்தான் வரும் என்று அன்றைக்கும் நின்றுகொண்டது. நான் தலையைக் குனிந்தேன். பிதுங்கி நின்ற நாலு பருக்கைகளை உதட்டால் எடுத்தேன். அதற்குமேல் உள்ளே இருந்ததைக் கை கொடுக்கவில்லை.

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, மணிக்கட்டை மடக்கி, கட்டைவிரலை நகர்த்தி, மெதுவாகத் திறந்தார். உள்ளே சோறு உருண்டையாக இறுகிக் கிடந்தது. நான்கு விரலின் பள்ளமும் அதில் பதிந்திருந்தது.

"பிண்டம் மாதிரி இருக்கு. தூக்கிப் போடுங்க" என்றேன்.

அவர் அதை எடுத்துப் பார்த்தார். பிறகு தன் வாயில் போட்டுக்கொண்டார். மென்றார், விழுங்கினார். உப்பு கொஞ்சம் கம்மி என்றார். இத்தனை நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து காத்திருந்தது இந்த நாலு பருக்கைக்குத்தான், இனி வேறு ஒன்றும் வரப் போவதில்லை என்று அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துபோனது.

அவர் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டு வந்து கையைக் கழுவினார். ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் கை மூடிக்கொண்டது.

"எனக்கும் இங்கயே போட்டுக் கொண்டாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து போய் ரசம் சாதம் போட்டு எடுத்து வந்தார். தட்டில் ஸ்பூன் இல்லை. அதையும் கேட்டேன். கொண்டு வந்து என் இடது கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை டிவி பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.